இரண்டு பேர் எழுதினதாம்!

அத்தியாயம் 11

பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"உள்ள பென்சில் மட்டும்தாங்க," என்றாள் மேஜைக்குப் பின்னாலிருந்த பெண். "பை, தண்ணி பாட்டில், டிபன் பாக்ஸ் எல்லாம் லாக்கர்ல வெச்சிடுங்க. ஐயா, நீங்க கையக் கழுவிட்டு வந்துடுங்க."

சாமுண்டீஸ்வரிக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"இன்னாத்துக்குக் கழுவணும்? நீ பூட்டி வெச்சிருக்கிறது எங்க ஊட்டு நோட்டு. அதத் தொட்றதுக்கு எங்க நைனா கையக் கழுவணுமா?"

"எல்லாருக்கும் அதான் ரூல் மேடம்."

"மேடம் கீடம்லாம் வாணாம். எத்தினி மணிக்குப் பூட்டுவ?"

"நாலு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

அவள் அப்பா வீராசாமி கழுவப் போனார். நான்கு நாளாகவே அவர் பேசவில்லை. போன வியாழக்கிழமை பேத்தி கவிப்பிரியா கல்லூரியிலிருந்து இந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கண்காட்சி பார்க்க வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய நோட்டு விரித்து வைத்திருந்தது. தாத்தா ரேஷன் கடைக்கு எழுதித் தரும் சீட்டில் இருக்கிற அதே கோணல் எழுத்து. போனில் படம் பிடித்துக்கொண்டு கோவில்பதாகை வீட்டுக்கு ஓடி வந்தாள்.

வீராசாமி அந்தப் படத்தைப் பார்த்தார். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "வெள்ளத்துல போச்சுன்னு சொன்னானே," என்றார். அவ்வளவுதான். கை கழுவ எழுந்து போய்விட்டார்.

படத்தில் நோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை இருந்தது. அதைச் சாமுண்டீஸ்வரி எத்தனை தடவை படித்தாளோ, கணக்கே இல்லை. காருக்கு ஒயர் பின்னுகிற கம்பெனியில் லைனில் நிற்கும்போதுகூட அந்த வரிகள் கண் முன்னால் வந்து நின்றன.

'ஆலை விபத்துக் குறிப்பேடுகள், அம்பத்தூர், 1982–1993. இரண்டு பேர் எழுதியவை. முற்பகுதி: தொழிற்சங்கத் தலைவர் ஹேமநாதன். பிற்பகுதி: பெயர் தெரியாத உதவியாளர்.'

ஞாயிற்றுக்கிழமை இதையே புத்தகமாக வெளியிடப் போகிறார்கள். அட்டையில் ஹேமநாதன் பெயர். அச்சுக்குப் போகிற கடைசிப் படியில் இயக்குநர் இன்று சாயங்காலம் கையெழுத்துப் போடுகிறார். ஆட்சேபணை இருந்தால் நாலு மணிக்குள் எழுத்தில் வர வேண்டும். ஆதாரமும் வேண்டும். போனில் கேட்டபோது இதைச் சொன்னதும் இந்தப் பெண்தான். பெயர் ரைஹானா, பூந்தமல்லிக்காரி. ஆவணக் காப்பகத்தில் அவள்தான் எல்லாம்.

வீராசாமி கழுவிய கையை உதறாமல், சொட்டச் சொட்ட ஏந்திக்கொண்டு வந்து நின்றார். ரைஹானா துடைக்கத் துணி கொடுத்தாள். பிறகு வெள்ளைப் பருத்திக் கையுறை ஒரு ஜோடியை நீட்டினாள்.

இடது கையுறையை மாட்டினார். வலது கையுறைக்குள் கையை விட்டார். கட்டை விரலும் சுண்டு விரலும் போய்ச் சேர்ந்தன. நடுவில் மூன்று விரலும் வெறும் துணியாகத் தொங்கின.

ரைஹானா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டோமே என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாரு, நல்லா பாரு," என்றாள் சாமுண்டீஸ்வரி. "உன் அட்டையில 'பெயர் தெரியாத உதவியாளர்'னு எழுதிகிதே, அவரு பேரு வீராசாமி. எந்தப் புண்ணியவான் எழுதினான் அந்த அட்டைய?"

"நான்தான் எழுதினேன்," என்றாள் ரைஹானா.

இந்தப் பதிலைச் சாமுண்டீஸ்வரி எதிர்பார்க்கவில்லை. 

"உக்காருங்க. ஏன் அப்படி எழுதினேன்னு காட்டுறேன். தப்பா இருந்தா நீங்களே சொல்லுங்க."

*

ஏழு நோட்டுகள். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. அட்டை போன இடத்தில் பழுப்புக் காகிதம் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித் தனிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ரைஹானா நான்காவதைப் பஞ்சுத் தலையணைமேல் வைத்துத் திறந்தாள்.

கட்டம் போட்டுக் கோடு கிழித்த பக்கம். மேலே ஐந்து தலைப்பு: தேதி, பேர், மெஷின், போனது, காரணம்.

'12-7-86. முனியம்மா. பிரஸ் 4. ஆள்காட்டி விரல் இரண்டு கணு. கை தடுக்கும் கார்டு கழட்டி வைத்திருந்தது.'

'3-11-87. ஷஃபியுல்லா. பிரஸ் 2. இடது கட்டை விரல். பட்டனில் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தது.'

தகட்டை அடித்து வெட்டுகிற பவர் பிரஸ் இரண்டு பட்டனையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் மெஷினுக்குள் கை இருக்காது. அதற்காகத்தான் அப்படி வைத்தார்கள். ஆனால் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிட்டால் ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மறு கையால் தகட்டை எடுத்து எடுத்து வைக்கலாம். ஒரு ஷிப்டுக்கு நானூறு உருப்படி கூட வரும். எப்போதாவது ஒரு விரலும் வரும். வீராசாமி வேலை பார்த்த அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இன்று கார் ஷோரூம் நிற்கிறது. உள்ளே ஏசி, வெளியே பலூன்.

"இது வரைக்கும் ஒரு கையெழுத்து," என்று ரைஹானா பக்கத்தைப் புரட்டினாள். "சின்ன எழுத்து, வலப் பக்கம் சாய்ஞ்சிருக்கு. 9-3-89 வரைக்கும் இப்படித்தான். அடுத்த பதிவு பாருங்க."

அடுத்த வரி பெரிது பெரிதாக, இடப் பக்கம் சாய்ந்து, ஒன்றாங்கிளாஸ் பிள்ளை எழுதியது போல இருந்தது. அழுத்தி அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கம் வரைக்கும் பள்ளம்.

'14-3-89. வீராசாமி. பிரஸ் 6. வலது கை மூன்று விரல். பட்டனில் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தது.'

"கையெழுத்து மாறுது. எழுதினவரு வீராசாமின்னு எங்கயும் இல்ல. அவரும் அடிபட்டவங்கள்ல ஒருத்தர்னு நினைச்சேன். தனக்கு நடந்தத யாராவது இப்படி எழுதுவாங்களா? 'நான்'னு ஒரு வார்த்தைகூட இல்லையே."

வீராசாமி முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"வேற எப்பிடிம்மா எழுதறது? எல்லாரையும் அப்பிடித்தான எழுதுனேன். எனக்கு மட்டும் தனியா எழுதணுமா?"

ரைஹானா அவர் முகத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்தது.

சாமுண்டீஸ்வரி ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள். உள்ளே நான்காய் மடித்த இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிச் சீட்டு. ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்ததால் வெள்ளத்தில் பிழைத்தது. சேர்த்த தேதி 14-3-89. அனுப்பிய தேதி 20-4-89.

"இந்தா. வலது கை அன்னிக்குப் போச்சு. இடது கையால எழுதக் கத்துக்கினாரு. நோட்டு ஒண்ணு, ஆளு ஒண்ணு. நீ ரெண்டு பேருன்ற. இன்னும் ஒண்ணு கேக்கறேன். ஹேமநாதன் எழுதின லெட்டர் எதுனா உங்ககிட்ட கீதா?"

"ஒரு பெட்டியே இருக்கு."

"எடு."

ரைஹானா எழுந்து உள்ளே போனாள். கொண்டு வந்து வைத்த கடிதத்தைப் பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை. உருண்டை உருண்டையாய், நோட்டுக்குச் சம்பந்தமே இல்லாத எழுத்து.

"ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாக்கலியா நீ?"

"அவர் தானே எழுதினதா சொன்னாரு," என்றாள் ரைஹானா மெதுவாக. "கொடையாளர் சொன்னத எழுதிக்கிட்டோம்."

"சொன்னான், எழுதிகினியா! எங்க நைனா மாதிரி ஆளு வந்து சொன்னா மட்டும் ஆதாரம் கேப்ப. அந்த ஆளு வெள்ளச் சட்ட போட்டுகினு வந்தா ஆதாரம் வாணாம். இதான உங்க ரூலு?"

ரைஹானா கடிதத்தை நோட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். வெள்ளைத் தாள் ஒன்றையும் பென்சிலையும் வீராசாமி முன்னால் வைத்தாள்.

"ஐயா, நோட்டுல இருக்கற நாலு பதிவ இடது கையால எழுதிக் காட்டுங்க. ஆட்சேபணையோட வெச்சிக் குடுக்கறேன். ஒண்ணு மட்டும். யாராவது இப்படி ஆட்சேபணை கொடுத்தா கொடையாளருக்குத் தகவல் சொல்லியாகணும். காலைலயே சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? வரட்டும். நாலு கேள்வி நேராவே கேக்கறேன்," என்றாள் சாமுண்டீஸ்வரி.

*

ஹேமநாதன் வரவில்லை. இரண்டரை மணிக்கு வந்தவன் சாமுண்டீஸ்வரியின் தம்பி விஜய்.

இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியில் வேர்வை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற லேபர் கான்ட்ராக்டு அவனுடையது. ஹேமநாதன் பேசி வாங்கிக் கொடுத்தது என்று ஊருக்கே தெரியும்.

"யக்கா, இன்னாக்கா இது? படிச்சவங்க இருக்கற எடத்துல வந்து சத்தம் போட்டுகினு. நைனாவ இட்டுகினு கெளம்பு."

"ஒன்ன யாரு கூப்டது?"

"ஹேமநாதன் அண்ணாத்தே போன்ல கீறாரு. பேசு." அவள் காதில் போனை வைத்தான்.

"அம்மாடி சாமுண்டி," என்றது குரல். தொண்டை நிறையத் தேன். "சங்கம்னா எல்லாரும் சேந்ததுதாம்மா. நான் சொன்னேன், உங்கப்பன் எழுதுனான். அதுல பெரிசு சின்னது பாக்கலாமா? விழாவுல உங்கப்பனுக்கு ஒரு பொன்னாடை போத்தச் சொல்றேன்."

"நீ சொன்னியா? நீ எந்த மெஷின்ல நின்ன? ஒன் கைய விரிச்சி எண்ணிப் பாரு. பத்தும் கீதுல்ல? பத்து வெரல வெச்சிகினு ஒரு வரி எழுத முடியல, ஏழு வெரல்காரன் எழுதினத உன்னுதுன்ற. பொன்னாடையா? அத நீயே போத்திகினு பட்து தூங்கு."

போனை அணைத்துத் தம்பியின் சட்டைப் பையில் திணித்தாள். பக்கத்து மேஜையில் படித்துக்கொண்டிருந்த பையன் வாய்க்குள் சிரித்தான்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்," என்று ரைஹானா பக்கம் திரும்பினாள். "எங்க ஊட்ல இருந்த நோட்டு அந்தாளு கைக்கு எப்பிடிப் போச்சு? வெள்ளத்துல டிரங்குப் பெட்டியோட அடிச்சிகினு போச்சுன்னுதான் நாங்க கீறோம்."

"அது எனக்குத் தெரியாதுங்க. கொடைப் பத்திரம் இருக்கு. ஆட்சேபணை கொடுக்கறவங்க பார்க்கலாம்."

"யக்கா, அதெல்லாம் எதுக்கு," என்று விஜய் குறுக்கே வந்தான்.

ரைஹானா கோப்பைத் திருப்பி வைத்தாள். ஒரே பக்கம். ஜூன் 2018. கொடையாளர் ஹேமநாதன். கீழே சாட்சிக் கையெழுத்து. பத்தாங்கிளாஸில் ஸ்டைலுக்காகப் பழகி, கடைசியில் வாலைச் சுழித்து விடுகிற கையெழுத்து.

வி. விஜய்.

சாமுண்டீஸ்வரி அந்தக் கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள். 

"டேய்."

"நான் சொல்றத கேளு..."

"டேய். அந்த வெள்ளத்துல பெட்டியத் தூக்கிகினு மாடிக்குப் போனவன் நீ. எறங்கி வந்து, கைய விட்டுட்டன், தண்ணி இழுத்துகினு போச்சுன்ன."

"ஊட்ல இருந்தா செல்லரிச்சிருக்கும்க்கா! இப்பப் பாரு, ஏசி ரூம்ல, பெட்டில வெச்சிக் கீறாங்க. நாலு பேரு பட்ச்சிகினு கீறாங்க. நல்லதுதான செஞ்சேன்?"

"நல்லதா? ஆள் அனுப்பற கான்ட்ராக்டு ஒனக்கு எப்பிடி வந்துச்சு? இதக் குடுத்துத்தான வாங்குன? பிரஸ்ல வெரலு போனவங்க கணக்க வித்து, பிரஸ்ஸுக்கே ஆள் அனுப்பற. நீ மனுசனாடா?"

அவள் கையை ஓங்கிவிட்டாள். குறுக்கே வீராசாமியின் குரல் வந்தது. கத்தவில்லை. அதனால்தான் அது அவளை நிறுத்தியது.

"மூணு நாளு தேடுனேன்," என்றார் மகனைப் பார்த்து. "தண்ணி வடிஞ்சப்புறம் ஏரிக்கரை வரைக்கும், சேத்துல இந்தக் கைய விட்டுத் தேடுனேன். நீயும் கூட வந்தியேடா. பக்கத்துல குனிஞ்சி நின்னு, இங்க இல்ல நைனா, அங்க பாக்கலாம்னியே."

விஜய் சுவரைப் பார்த்தான்.

"எப்பிடிடா குனிஞ்ச?"

 

*

மூன்றே முக்காலுக்கு ஆட்சேபணை உள்ளே போனது. இடது கையால் எழுதிய நாலு பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல், ஹேமநாதன் கடிதத்தின் நகல். அவற்றோடு, 'கையெழுத்துகளை ஒப்பிடாமல் அட்டை எழுதியது என் தவறு' என்று ரைஹானா தன் பெயரைப் போட்டு ஒரு தாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். கையில் முத்திரை குத்திய ரசீது.

"இயக்குநர் கையெழுத்துப் போடல. அச்சு நிக்குது. ஞாயித்துக்கிழமை விழா இல்ல. விசாரிச்சி முடிவு சொல்ல ஒரு மாசம் ஆகும். ஆனா..." அவள் தயங்கினாள். "எனக்கு இதுக்கு மேல சந்தேகம் இல்லைங்க ஐயா. அட்டைய இப்பவே எடுத்துட்டேன்."

அட்டையைக் கிழித்து இரண்டாக்கிக் காட்டினாள்.

சாமுண்டீஸ்வரி ரசீதை வாங்கிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவே இல்லை. தம்பி இன்னும் போகாமல் கதவருகே நிற்கிறான். போய்த் தொலையாமல் ஏன் நிற்கிறான் என்றுதான் தோன்றியது.

வீராசாமி பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மறுபடியும் எண்ணினார்.

"ஏழுதான் கீது. எட்டாவது எங்கம்மா?"

ரைஹானா உதட்டைக் கடித்தாள். "இருக்குங்க. அது ஒட்டின உறையில தனியா வந்துது. 2040 வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு கொடையாளர் நிபந்தனை. எனக்கே உள்ள என்னன்னு தெரியாது. அதத் திறக்கணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்."

"2040ஆ?" என்றாள் சாமுண்டீஸ்வரி. "நைனாவுக்கு இப்பவே அறுவத்தெட்டு. அதுல அப்பிடி இன்னாதான் எழுதின நைனா?"

 வீராசாமி நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மீந்திருந்த வெள்ளைத் தாளை இழுத்து, நாலு கோடு கிழித்து ஐந்து கட்டம் போட்டார். தேதி, பேர், மெஷின், போனது, காரணம்.

"அவன் உறையத்தான ஒட்ட முடியும்," என்றார். "எழுதனவன் இன்னும் உசிரோடதான கீறேன்."

"வாணாம் நைனா." கதவருகேயிருந்து விஜய் இரண்டே எட்டில் வந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. "அத எழுதாத. அக்கா முன்னாடி வாணாம்."

வீராசாமியின் இடது கை நிற்கவில்லை.

'8-10-93.'

சாமுண்டீஸ்வரிக்கு அந்தத் தேதி தெரியும். வருஷா வருஷம் அன்றைக்கு அம்மா படத்துக்கு மாலை போடுவாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தம்பிக்கு மூன்று. நைனாவுக்கு விரல் போன பிறகு அதே கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போன அம்மா, பஸ் ஸ்டாப்பில் நெஞ்சு வலி வந்து விழுந்ததாகச் சொன்னார்கள். சாவு கம்பெனிக்கு வெளியே நடந்தது என்று ஹேமநாதன் சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர்தான் முன்னால் நின்று எல்லாக் காரியமும் செய்தார்.

'பஞ்சவர்ணம்.' அம்மாவின் பேர்.

'பிரஸ் 6.'

பென்சில் நாலாவது கட்டத்துக்கு வந்தது. அழுத்தி அழுத்தி எழுதினார். மேஜையிலேயே பள்ளம் விழும்போலிருந்தது.

'உயிர்.'

ஐந்தாவது கட்டத்தை எழுத வேண்டியதே இல்லை. நான்காவது நோட்டில் அதே பிரஸ் ஆறுக்கு நேரே இருந்த வரி அவள் கண்ணில் நின்றது. நைனா அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதினார்: 'பட்டனில் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தது.'

அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தாள்.

"நீ பட்ச்சிருக்க," என்றாள்.  "எட்டாவத நீ பட்ச்சிட்டுத்தான் குடுத்திருக்க."

 

வீராசாமி நிமிரவே இல்லை. தாளைத் திருப்பினார். பின்பக்கம் பார்த்தார். போதாது என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

"இன்னொரு தாள் குடும்மா," என்றார் ரைஹானாவிடம். "அன்னிக்கு யார் யாரு கூட நின்னானுங்கோன்னு எழுதணும்."